ஆறா, ஏழா?

நாகமலை அடிவாரத்தில் ஒரு காலை நேரம். சாக்குப் படுதாவின் மேல் குப்புறப் படுத்திருக்கிறேன். எனக்கு வலப்பக்கம் மூன்று பேர், இடப்பக்கம் நான்கு பேர். எட்டுப் பேர் கையிலும் த்ரீ நாட் த்ரீ என்கிற பழைய பட்டாள ரைஃபிள். எதிரே நூறு கஜத்தில் ஒரு மண்மேடு, அதன் முன்னால் வரிசையாக எட்டு இலக்கு அட்டைகள். மேட்டுக்குப் பின்னால் மலை, இன்னும் வெயில் ஏறாமல் கிடக்கிறது.

ரைஃபிளின் கட்டையில் கன்னத்தை வைத்திருக்கிறேன். துப்பாக்கி எண்ணெய் வாசம் அடிக்கிறது. எனக்கு முன்னால் அதில் கன்னம் வைத்தவன் தலையில் தேய்த்திருந்த தேங்காயெண்ணெய் வாசமும் சேர்ந்து அடிக்கிறது. வேர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. துடைக்கலாம் என்றால், கையை எடுத்தவனை, எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் சும்மா விடமாட்டார்.

விசில் ஊதினார்கள். பக்கத்தில் படுத்திருந்தவன் முதல் குண்டைச் சுட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குண்டு போட்ட ரைஃபிளை அப்படியே படுதாவில் விட்டுவிட்டு எழுந்து, திரும்பி, ஓடியிருக்கிறேன். எங்களை ஏற்றி வந்த லாரி நிழலில் நின்றிருந்தது. அதற்கு அடியில் புகுந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன். எனக்கு நினைவிருப்பதெல்லாம் லாரியின் வயிற்றில் ஒட்டியிருந்த காய்ந்த சேறும், என் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்த ஒரு கையும்தான்.

இழுத்தவர் ஹவில்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் காக்கி நிஜாரைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பரோட்டாவுக்காகச் சேர்ந்த படை

போன வாரம் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். உங்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் இல்லையா என்று கேட்கிறார். இருக்கிறது அம்மா. ஆனால் இதுவும் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது, என்ன செய்வது.

எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஒரு கல்லூரியில் நான் படித்தேன். அங்கே என்.சி.சி. என்கிற மாணவர் படை இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் அணிவகுப்புப் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு அவித்த முட்டை. விடுதிச் சாம்பாரைக் குடித்துக் காய்ந்து கிடந்தவனுக்கு அது போதாதா? பெயரைக் கொடுத்துவிட்டேன்.

காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு நிற்க அயன் பண்ணி, பூட்ஸில் முகம் தெரிகிற வரைக்கும் பாலீஷ் போட்டு, முதல் நாள் மைதானத்தில் போய் நின்றபோது என்னை நானே ஒரு தளபதியாக நினைத்துக்கொண்டேன். அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ், லெஃப்ட் டர்ன் எல்லாம் நன்றாகவே வந்தது. நன்றாக நடப்பவன் என்று முன்வரிசையில்கூட நிறுத்தினார்கள். சேர்ந்து நான்கு மாதம் கழித்துத்தான் சுடவும் சொல்வார்கள் என்பது தெரிந்தது. நாலு மாதப் பரோட்டாவைத் தின்ற பிறகு எந்த முகத்தோடு விலகுவது?

எனக்குச் சத்தம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை.

பஞ்சு

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. எனக்கு நான்கு அல்லது ஐந்து வயதிருக்கும். ஊர்த் திருவிழாவில் இரும்புக் குழாயில் வெடிமருந்தை இடித்து இறுக்கி, கிட்டித்து, அதிர்வேட்டுப் போடுவார்கள். கையில் சவ்வு மிட்டாயோடு குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

மூன்று நாள் எனக்குக் காது கேட்கவில்லை. அம்மா வாயை அசைப்பதைப் பார்த்து அழுதேனாம். காது திரும்பி வந்தது, ஆனால் அன்றிலிருந்து எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். ஊர் முழுக்க என்னைப் பஞ்சு என்றுதான் கூப்பிட்டது. முத்துராசு என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததே பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும்.

என்னை அதிகம் கேலி செய்தது என் அண்ணன் சின்னச்சாமி. பெயரில்தான் சின்ன, ஆள் வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அய்யாவோடு, எங்கள் அப்பாவோடு, வயல்காட்டு வேலைக்குப் போனவர். அவர் நிறுத்தியதால்தான் நான் கல்லூரி வரை போனேன். அது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசிக்கொண்டதில்லை. பேசுவதற்குப் பதிலாகக் கேலி செய்வார். “பஞ்சு, காதப் பொத்திக்க, நான் தும்மப் போறேன்” என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவருடைய கல்யாணத்தில் சிரிக்க முடியவில்லை. பெண் வீட்டு வாசலில் வேட்டுப் போட்டார்கள். நான் மாப்பிள்ளைக்குத் தம்பி, மாலைத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் போகிறேன். முதல் வேட்டுக்கே தட்டோடு ஓடிவிட்டேன். மாலையைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் என் பின்னால் ஓடிவந்தது. பெண் வீட்டார் என்னவோ ஏதோ என்று பதறிவிட்டார்கள். மாட்டுக் கொட்டத்தில் என்னைக் கண்டுபிடித்த அண்ணன் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. மாலையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, அவமானம். எனக்குத் தெரிந்து அண்ணன் என்னால் தலைகுனிந்தது அந்த ஒரு முறைதான்.

ஓடாமல் நிற்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேலை, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு.

மலையும் சேர்ந்து சுட்டது

லாரிக்கடியிலிருந்து இழுத்த அன்றைக்கே என் பெயரை அடித்திருப்பார்கள். ஆனால் அடிப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். குண்டு போட்ட துப்பாக்கி கேட்பாரற்றுக் கிடந்தது என்று எழுதினால் ஹவில்தாரையும் நாலு கேள்வி கேட்பார்கள். ஆகவே அவர் என்னைக் குழிக்கு அனுப்பினார்.

குழி என்பது இலக்கு அட்டைகளுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு வெட்டிய பள்ளம். அதில் நாலைந்து பேர் நிற்பார்கள். சுட்டு முடிந்ததும் அட்டையைக் கீழே இறக்கி, எத்தனை ஓட்டை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுடும்போது குண்டு தலைக்கு மேலேதான் போகும். எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து குண்டு, மொத்தம் நாற்பது. நாற்பதும் வெடித்து, விசிலும் ஊதினால்தான் யாரும் தலையை வெளியே நீட்டலாம். அதற்காகக் குழிக்குள் ஒருவன் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

“சுட வரலேன்னா எண்ணவாவது செய். காதப் பொத்துனேன்னு தெரிஞ்சுது, பேர அடிச்சுருவேன்” என்றார் ஹவில்தார். பயத்தைப் போக்குவதற்காக அவர் அதைச் செய்தார் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு எண்ணுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு யாரும் போகமாட்டார்கள், பரோட்டா ஆறிவிடும்.

முதல் நாள் குழிக்குள் கண்ணை இறுக மூடி, தொடையைக் கிள்ளிக்கொண்டு எண்ணினேன். விசில் ஊதியதும் எவ்வளவு என்று கேட்டார்கள். அறுபத்து மூன்று என்றேன்.

குழியில் என்னோடு நின்றவன் காதர் மைதீன். என் வகுப்புத் தோழன், பழைய மதுரையில் தகரப் பெட்டி செய்கிற குடும்பம். சிரித்துச் சிரித்து மண்சுவரில் சாய்ந்துவிட்டான். “மாப்ள, எட்டுப் பேரு, அஞ்சஞ்சு குண்டு. மிச்சத்த யாரு சுட்டது, மலையா?” என்று கேட்டான்.

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மை. மலைதான் சுட்டது. ஒவ்வொரு வெடியையும் நாகமலை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தது. சில வெடியை ஒரு முறை, சிலதை இரண்டு முறை. நான் அசலையும் எண்ணி, திரும்பி வந்ததையும் எண்ணியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் ஐம்பதுக்கு இறங்கினேன். மூன்றாவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதுகைக் குழியின் மண்சுவரில் நன்றாகப் பதித்து நின்றால், அசல் வெடி வரும்போது முதுகில் ஓர் அடி விழும். குண்டு மேட்டில் போய்ப் புதைகிற அடி. சட்டைக் காலருக்குள் கொஞ்சம் மண்ணும் உதிரும். மலை திருப்பிக் கொடுக்கிற சத்தம் காதுக்கு மட்டும்தான் வரும், முதுகுக்கு வராது. எவ்வளவு பெரிதாக வந்தாலும் வராது.

அதற்குப் பிறகு நான் காதால் எண்ணவில்லை, முதுகால் எண்ணினேன். அப்படி எண்ணுவதற்கு ஒவ்வொரு வெடிக்கும் உடம்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்தது எப்போது வரும், முதுகுக்கு வருமா, காதுக்கு வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் பயப்படுவது தள்ளிப்போய்விட்டது. தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதுபாட்டுக்கு நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் சரியாக நாற்பது சொன்னேன். ஹவில்தார் ‘ம்’ என்றார். அதற்கடுத்த வாரம் விசில் ஊதிய பிறகும் முப்பத்தொன்பதுதான் என்றேன். குழியில் இருந்தவர்கள் ஏறப் போனார்கள், தடுத்தேன். மேலே ஹவில்தார் ஒவ்வொரு ரைஃபிளாகப் பார்த்ததில் ஒருவன் ரைஃபிளில் குண்டு சிக்கிக்கொண்டு நின்றிருந்தது, அவன் வாயைத் திறக்காமல் படுத்திருந்தான். அன்றைக்கு ஹவில்தார் ‘ம்’கூடச் சொல்லவில்லை. ஆனால் எண்ணுகிற வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

தகரப் பெட்டிக் கடை

காதரின் கடையைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் அவன் ஆவி என்னை மன்னிக்காது. ஆவி என்றதும் பதற வேண்டாம், ஆள் நன்றாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான்.

அவர்கள் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்து சுத்தியலால் தகரத்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே போகிற மாடுகூட அந்த இடத்தில் நடையை எட்டிப் போடும். குழியில் எண்ணத் தொடங்கிய பிறகு, சனிக்கிழமைகளில் நானே அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். சும்மா உட்காரவிடவில்லை, பெட்டிக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள்.

காதர் ‘அத்தா’ என்று கூப்பிடுகிற அவன் அப்பாவுக்குப் பாதிக் காது கேட்காது. அதனால் ‘டீ குடிச்சியாப்பா’ என்பதையே சண்டைக்கு வருகிற மாதிரி கேட்பார். இம்புட்டுச் சத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். வெள்ளிக்கிழமை கடை அடைத்தால்தான் காது வலிக்கிறது என்றார்.

அந்த ஆண்டின் கடைசிப் பயிற்சியில் என்னைச் சுடச் சொன்னார்கள். படுத்தேன். பக்கத்தில் வெடித்தது, படுத்தே இருந்தேன். ஐந்து குண்டும் சுட்டேன். என் அட்டையில் இரண்டு ஓட்டை, பக்கத்து அட்டையில் ஒன்று. மீதி இரண்டு எங்கே போயின என்று தெரியவில்லை. தோளில் கட்டை உதைத்த இடம் நாவல்பழ நிறத்தில் வீங்கிவிட்டது. ஒரு வாரம் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வாழ்க்கையில் வாங்கிய வேறு எந்தப் பரிசையும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

பின்னால் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இரும்புத் தகடு வெட்டுகிற எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். பஞ்சு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தீர்களா என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அது வேறு கதை. இப்போது சொல்ல வேண்டியது நான் துப்பாக்கி சுட்ட அந்த வருடக் கோடை விடுமுறை.

மடியில் ஏழு கல்

எங்கள் நிலம் மேட்டு நிலம், கால்வாய்த் தண்ணீர் ஏறாது. கிணறுதான் கதி. இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவது என்று அய்யா முடிவு செய்திருந்தார். அடியில் பாறை. வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும்.

வெடிக்காரர் சுருளி மாமா. எங்களுக்குத் தூரத்து உறவு. சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறு அவர் வெடித்ததுதான். பாறையில் வரிசையாகக் குழி துளைத்து, வெடிமருந்துத் தோட்டாவை இறக்கி, மண் போட்டுக் கிட்டித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரி விடுவார். பீடியால் எல்லாத் திரியையும் கொளுத்திவிட்டு, கிணற்றுப் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படியில் ஏறி ஓடிவருவார். ‘வேட்டேய்’ என்று கத்துவார். எல்லோரும் மோட்டார் அறைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்வோம். பதுங்கிக்கொள்வார்கள் என்று சொல்ல வேண்டும். கிணற்றில் வெடி வைக்கிற நாளில் நான் எப்போதும் வாடிப்பட்டிக்கு ஏதாவது வாங்கப் போய்விடுவேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். எத்தனை குழியோ அத்தனை கூழாங்கல்லை, கிணற்றுக்குச் சொந்தக்காரர் தன் வேட்டி மடியில் கட்டிக்கொள்வார். ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு கல்லைக் கீழே போடுவார். மடி காலியானால்தான் ஆள் இறங்கலாம். வெடிக்காத தோட்டா ஒன்று அடியில் கிடந்தால், கடப்பாரை பட்டதும் அது வெடிக்கும். பக்கத்து ஊரில் அப்படி இரண்டு பேர் போயிருந்தார்கள்.

அன்றைக்கு ஏழு குழி. நான் வாடிப்பட்டிக்குப் போகவில்லை. அண்ணன் பார்த்தார். “என்னடா, கடைக்குப் போகல?” என்றார். போகவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். அண்ணனுக்கு அப்போது ஆறு மாதக் குழந்தை. மதினி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்து வேம்படியில் நின்றிருந்தார்.

மோட்டார் அறைச் சுவரில் முதுகைப் பதித்து, வெறுங்காலோடு நின்றேன். கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

ஒன்று. பாதத்தில் அடி விழுந்தது, பிறகு காதுக்கு வந்தது. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. எல்லாம் கிணற்று அடியில் அமுங்கின சத்தம். ஆறாவது மட்டும் வேறு மாதிரி. மருந்து சரியாகக் கிட்டிக்காத குழி போலிருக்கிறது, பாறையைப் பிளக்காமல் வாய் வழியாகவே சீறிவிட்டது. வானம் கிழிகிற மாதிரி சத்தம். அடுத்த நொடி, அதே அளவு பெரிதாக, இன்னொன்று.

இன்னொன்று காதுக்கு வந்தது. பாதத்துக்கு வரவில்லை.

அய்யா ஏழாவது கல்லைக் கீழே போட்டுவிட்டு வேட்டியை உதறினார். அண்ணன் கடப்பாரையையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தார். அண்ணன் முதல் படிக்கு வந்துவிட்டார். ஓடினேன். அந்த வருடம் வரைக்கும் வெடியை விட்டு ஓடியவன், அன்றைக்குக் கிணற்றைப் பார்த்து ஓடி, அண்ணனுக்கும் படிக்கும் நடுவில் போய் நின்றேன்.

“எறங்காதண்ணே. ஆறுதான் வெடிச்சிருக்கு.”

அண்ணன் சிரித்தார். காதைத் திறந்ததே இன்றைக்குத்தான், அதற்குள் கணக்கா என்றார். சுருளி மாமா வந்தார், ஏழு திரியையும் தன் கையால் கொளுத்தியதாகச் சொன்னார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. தொழில் தெரியாதவர் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே. கடைசியாக வந்தது மலை திருப்பி அடித்த சத்தம், தரையில் அது வரவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். குழி, முதுகு, நாகமலை என்று உளறினேன். யாருக்கும் புரியவில்லை.

அய்யா என்னைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் அய்யாவின் எண்ணிக்கையைத் தப்பு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

“அப்ப நான் எண்ணுனது பொய்யா?”

“பொய்யில்லய்யா. மல ஒண்ணு கூடச் சொல்லிருச்சு.”

அண்ணனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் கல்லை அள்ள வேண்டும் என்று என்னைத் தள்ளினார். நான் இரண்டு படி இறங்கி, குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். படி ஆள் அகலம்தான், என்னைத் தாண்டிப் போக முடியாது. கீழே மருந்துப் புகை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. கந்தக நெடி மூக்கில் ஏறியது. ஏழாவது அங்கேதான் இருக்கிறது என்றால், அதற்கு முதல் ஆள் நான்.

என் தோளைப் பிடித்தார். துப்பாக்கிக் கட்டை உதைத்த அதே தோள்.

“அம்புட்டுப் பேரும் ஏழுன்னு எண்ணிருக்கோம். ஓடுற பய நீ. ஒனக்கு மட்டும் ஆறாடா?”

“இன்னைக்கு நான் ஓடலண்ணே.”

அண்ணனின் கை தோளிலேயே இருந்தது, தள்ளவில்லை. மேலிருந்து அய்யாவின் குரல் வந்தது. வெற்றிலை போட்டுவிட்டு இறங்கலாம், மேலே வாருங்கள் என்றார். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை, அவருக்கு வெற்றிலை போட வேண்டும், அவ்வளவுதான்.

வெற்றிலை நேரம்

மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்தோம். அய்யா ஒவ்வொரு வெற்றிலையாக எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவினார். சுருளி மாமா பீடி பற்றவைத்து வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் கடப்பாரையால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார். மதினி செம்பில் நீர்மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் வேம்படிக்கே போய்விட்டார்.

அந்த நேரம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நாற்பதை அறுபத்து மூன்றாக எண்ணியவன் நான். ஒருவேளை பாதத்துக்கு ஒன்று வந்து, நான்தான் பயத்தில் கோட்டை விட்டுவிட்டேனோ? திரும்பத் திரும்ப மனதுக்குள் ஒன்றிலிருந்து எண்ணினேன். ஒவ்வொரு முறையும் ஆறுதான் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த ஆறின் மேல் நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது. தப்பாக இருந்தால் இந்த ஊரில் இனிமேல் பஞ்சு என்பது கூடச் செல்லப் பெயராகிவிடும்.

அய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். அண்ணன் என்னைப் பார்க்காமல் கடப்பாரையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். பத்து எட்டு வைத்திருப்பார். நான் எழுந்து நின்றேன், மறுபடியும் தடுக்கலாமா என்று யோசித்தேன்.

பாதத்தில் அடி விழுந்தது.

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. கிணற்று வாயிலிருந்து கல்லும் மண்ணும் பனை உயரத்துக்கு எழும்பின. எல்லாம் விழுந்து முடிய வெகுநேரம் ஆனது போலிருந்தது. நான் உட்கார்ந்திருந்த படிக்கல் முறிந்து பாதிதான் மிச்சம் இருந்தது. நமுத்துப் போன ஏழாவது திரி அதுவரை அணையாமல் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது.

அண்ணன் கடப்பாரையோடு அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். வேம்படியிலிருந்து மதினி குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார், அண்ணனைப் பார்த்ததும் பாதி வழியில் நின்று அழ ஆரம்பித்தார். சுருளி மாமாவின் பீடி விரலைச் சுட்டிருக்கிறது, அவர் அதைக் கவனிக்கவில்லை.

“ஏழு” என்றார் அய்யா. சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். அண்ணன் இல்லாத வீடு ஒரு கணம் கண்ணில் வந்து போனது. வேட்டுச் சத்தத்துக்கு நான் பட்ட பயமெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. போய் அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

யாரும் என்னைப் பாராட்டவில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை. மதியம் சாப்பாட்டில் என் இலையில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது, மதினி ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். ஊர் என்னைப் பஞ்சு என்றுதான் தொடர்ந்து கூப்பிட்டது. இன்றைக்கும் தீபாவளிக்குத் தெருவில் சரவெடி வெடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வெடி வைத்தார்கள். ஐந்து குழி. அய்யா மடியில் ஐந்து கல். நான் அதே சுவரில் முதுகைப் பதித்து நின்றேன். ஐந்தும் வெடித்தன. அய்யா ஐந்தாவது கல்லைப் போட்டுவிட்டு, முடிந்தது என்றார். சுருளி மாமாவும் முடிந்தது என்றார்.

அண்ணன் கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். முதல் படியில் ஒரு காலை வைத்தவர் நின்றுவிட்டார். அய்யாவைப் பார்க்கவில்லை, சுருளி மாமாவையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“எறங்கவாடா?”

என்னிடம் அவர் அதுவரை எதற்கும் யோசனை கேட்டதில்லை. வயலில், வீட்டில், கல்யாணத்தில், எதிலும் சொல்கிறவர் அவர், செய்கிறவன் நான். மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். அண்ணன் அவசரப்படாமல் படியில் வைத்த காலோடு அப்படியே நின்றார்.

“எறங்குண்ணே” என்றேன்.

இறங்கினார்.